மழை பெய்தால் பசிக்கும் ஊர்

ஆடி மாதம் பிறந்துவிட்டால் நம் வீடுகளில் நடக்கும் கூத்து உங்களுக்குத் தெரியாததல்ல. புதிதாகக் கல்யாணமான பெண்ணைத் தாய் வீட்டார் வந்து அழைத்துக்கொண்டு போய்விடுவார்கள். மாப்பிள்ளை முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு ஒரு மாதம் காத்திருப்பார். ஏன் என்று கேட்டால் பாட்டிமார்கள் விரல் விட்டு எண்ணிக் காட்டுவார்கள். ஆடியில் கரு தங்கினால் சித்திரையில் பிள்ளை பிறக்கும். சித்திரையில் பிறக்கும் பிள்ளை குடும்பத்துக்கு ஆகாது!

தமிழ்நாட்டில் சித்திரை என்றால் மண்டையைப் பிளக்கும் வெயில். கிணறு வற்றும், ஆடு மாடு சுருண்டு படுக்கும். நிறைமாதக் கர்ப்பிணிக்கும் பச்சைப் பிள்ளைக்கும் அது பொல்லாத காலம். அதை அனுபவத்தில் கண்ட பெரியவர்கள்தாம் இந்த ஏற்பாட்டைச் செய்தார்கள் என்று விளக்கம் சொல்வோர் உண்டு. இருக்கலாம். ஆனால் நம் முன்னோர் கப்பலேறி மலாயாவுக்கு வந்தபோது வழக்கத்தை மூட்டை கட்டிக் கொண்டுவந்தார்கள். அந்த வெயிலைக் கொண்டுவரவில்லை. இங்கே சித்திரைக்கும் ஐப்பசிக்கும் வெப்பத்தில் அப்படியொன்றும் பெரிய வேறுபாடு கிடையாது. இருந்தும் சித்திரைப் பிள்ளையைப் பார்த்து உச்சுக் கொட்டும் பழக்கம் இன்னும் சில வீடுகளில் போகவில்லை.

பிறந்த மாதம் ஒரு பிள்ளையின் வாழ்வை மாற்றுமா? சோதிடரைக் கேட்டால் அவர் ஒரு பதில் சொல்வார். அதே கேள்விக்கு எழுபது ஆண்டுகளுக்கும் மேலாகப் பிறப்பையும் இறப்பையும் எழுதிவைத்துப் பதில் தேடிய ஒரு சிற்றூர் இருக்கிறது. இந்த முறை உங்களை அங்கேதான் அழைத்துப் போகப் போகிறேன். பாஸ்போர்ட் வேண்டாம், துணிமணி கட்ட வேண்டாம். ஒரு கோப்பைத் தேநீரோடு உட்கார்ந்துகொண்டால் போதும்.

ஆற்றின் பெயரே நாட்டின் பெயர்

உலகப் படத்தை எடுத்துக்கொள்ளுங்கள். இந்தியப் பெருங்கடலைக் கடந்து, ஆப்பிரிக்கக் கண்டத்தையும் குறுக்கே கடந்து, அட்லாண்டிக் கடற்கரைக்குப் போங்கள். அங்கே செனகல் என்ற நாட்டின் வயிற்றுக்குள் ஒரு விரலை நுழைத்தாற்போல் மெல்லிய கோடு ஒன்று தெரியும். அதுதான் காம்பியா. ஆப்பிரிக்கப் பெருநிலத்தில் இதைவிடச் சின்ன நாடு இல்லை. நம் பேராக் மாநிலத்தில் ஏறத்தாழப் பாதி. காம்பியா என்ற ஆற்றின் இரு கரைகளும்தான் நாடு. அகலம் எந்த இடத்திலும் ஐம்பது கிலோமீட்டரைத் தாண்டாது.

நம்மைப் போலவே அவர்களும் ஆங்கிலேயர் ஆட்சியில் இருந்தவர்கள். 1965இல் சுதந்திரம் பெற்றார்கள். தலைநகரின் பெயர் பாஞ்சுல். 1973 வரையில் அதற்குப் பாதர்ஸ்ட் என்று ஆங்கிலப் பெயர். நமக்குப் பிற்பகல் நான்கு மணி ஆகும்போது அவர்களுக்குக் காலை எட்டு மணி.

இன்னொரு செய்தி கேட்டால் வியப்பாக இருக்கும். பூமியின் நடுக்கோட்டிலிருந்து வடக்கே சென்னை எவ்வளவு தள்ளியிருக்கிறதோ, காம்பியாவும் ஏறக்குறைய அவ்வளவு தள்ளித்தான் இருக்கிறது. ஆகவே நம் தாத்தா பாட்டிகள் விட்டு வந்த வறண்ட சீமையைப் போல அங்கேயும் ஆண்டில் பெரும்பகுதி வெயிலும் புழுதியும்தான். ஜூன் மாதத்தில் தொடங்கி அக்டோபர் வரையில் மழை. ஆகஸ்டில் கொட்டித் தீர்க்கும். நவம்பரிலிருந்து மே வரையில் ஒரு சொட்டு விழுவதே அபூர்வம். நம் மலேசியாவைப் போல நினைத்த நேரத்தில் மழை பெய்து, ஆண்டு முழுவதும் பச்சைப் பசேலென்று இருக்கும் பூமி அல்ல அது.

பாஞ்சுலிலிருந்து ஆற்றின் தென்கரையோடு கிழக்கே போகிறோம். உப்பு நீர் வெகுதூரம் ஏறிவரும் ஆறு. கரையெல்லாம் நம் கோலசிலாங்கூர்ப் பக்கம் காணும் பாக்காவ் மரங்கள். அதைத் தாண்டினால் மேட்டு நிலம். பருத்த பானை போன்ற அடிமரம் கொண்ட பெருக்க மரங்கள், மாமரங்கள், இலவ மரங்கள். அங்கேதான் மேற்குக் கியாங் என்ற வட்டாரத்தில் இருக்கிறது கெனெபா. பக்கத்திலேயே மான்டுவார், கான்டோங் குண்டா என்று இரண்டு ஊர்கள். நாம் பார்க்க வந்தது இந்த மூன்று ஊர்களைத்தான்.

உரலும் உலக்கையும்

ஊருக்குள் நுழைந்ததும் உங்கள் காதில் விழும் ஓசை உங்களுக்குப் பழக்கமானதாக இருக்கும். பெண்கள் உரலில் தானியம் குத்தும் ஓசை! கம்பும் நெல்லும்தான் அவர்களின் உணவு. வேர்க்கடலையை அரைத்துக் குழம்பு வைத்துச் சோற்றில் ஊற்றிச் சாப்பிடுவார்கள். பிள்ளையை முதுகில் துணியால் இறுகக் கட்டிக்கொண்டு எல்லா வேலையும் செய்வார்கள்.

இங்கே வசிப்பவர்கள் மண்டிங்கா இனத்தார், இஸ்லாமிய சமயத்தினர். பிள்ளை பிறந்து ஒரு வாரம் கழித்துப் பெயர் சூட்டு விழா நடக்கும். அன்று பிள்ளையின் முடியை இறக்குவார்கள். விழாவின் பெயர் குல்லியோ. அந்தச் சொல்லுக்கே தலைமுடி மழித்தல் என்றுதான் பொருளாம். எங்கேயோ ஆப்பிரிக்காவில் இருந்தாலும், பிள்ளை பிறந்த வீட்டில் நடக்கும் காரியங்கள் எப்படி ஒத்துப்போகின்றன பாருங்கள்!

வேலையில் ஆணுக்கொரு பயிர், பெண்ணுக்கொரு பயிர் என்று பிரித்து வைத்திருக்கிறார்கள். மேட்டு நிலத்தில் வேர்க்கடலையும் கம்பும் ஆண்கள் வேலை. சதுப்பு நிலத்தில் நெல் நடுவது பெண்கள் வேலை. சேற்றில் முழங்கால் அளவு நின்று, குனிந்து, மண்வெட்டியால் கொத்திக் கொத்திச் செய்ய வேண்டும்.

வேர்க்கடலைதான் அவர்களுக்குக் காசு கொடுக்கும் பயிர். 1830களிலேயே அது கப்பலில் ஐரோப்பாவுக்குப் போகத் தொடங்கிவிட்டது. வேர்க்கடலையின் பிறப்பிடம் தென் அமெரிக்கா. நம் பால்மரமும் அங்கிருந்து வந்ததுதானே! வெள்ளைக்காரர் சந்தைக்காக எங்கிருந்தோ வந்த பயிரை நம்பிப் பிழைப்பு நடத்துவது எப்படிப்பட்டது என்பதை உங்களுக்கு யாரும் விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை.

பச்சை நிறத்தில் ஒரு பஞ்சம்

நவம்பரில் அறுவடை. கடலையை விற்ற காசு கையில் புழங்கும். களஞ்சியத்தில் தானியம் இருக்கும். கல்யாணம், விருந்து, வீடு கட்டுதல் எல்லாம் வெயில் காலத்தில்தான். பிப்ரவரி, மார்ச் வரையில் குறைவில்லை. மே மாதம் வரும்போது களஞ்சியத்தின் அடி தெரிய ஆரம்பிக்கும்.

ஜூனில் மழை இறங்கும். உடனே உழ வேண்டும், விதைக்க வேண்டும், களை எடுக்க வேண்டும். ஆண்டிலேயே மிகக் கடுமையான வேலை இப்போதுதான். ஆனால் பானையில் அரிசியோ குறைவு! போன ஆண்டு விளைந்தது தீர்ந்துவிட்டது. இந்த ஆண்டுப் பயிர் இன்னும் மண்ணில் நிற்கிறது. கடன் வாங்கித்தான் கஞ்சி. போதாததற்கு மழைத் தண்ணீர் தேங்கிய இடமெல்லாம் கொசு. மலேரியாக் காய்ச்சல் வந்துவிடும். பிள்ளைகளுக்கு வயிற்றுப்போக்கு. சுற்றிலும் பார்த்தால் கண்ணுக்கெட்டிய தூரம் பச்சை. வீட்டிலோ பசி. இந்த மாதங்களுக்கு 'பசிக்காலம்' என்றே பெயர்.

தோட்டத்தில் வாழ்ந்தவர்களுக்கு இது புரியும். பால்மரம் இலை உதிர்க்கும் மாதங்களில் பால் குறைந்து சம்பளம் இளைத்துப்போன கதையும், விடியற்காலை மழை பெய்து மரம் நனைந்தால் வெட்டு இல்லையென்று லயத்துக்குத் திரும்பிய கதையும் நம்மிடம் உண்டு. கடைக்காரர் கணக்குப் புத்தகம் தடித்துப்போனதும் அந்த நாட்களில்தான். ஆனால் நமக்கு வேலை இல்லாத நாளில் பசி வந்தது. கெனெபாப் பெண்களுக்கோ வேலை தலைக்கு மேல் இருக்கும் நாளில் பசி வருகிறது. அதிலும் வயிற்றில் ஒரு பிள்ளையைச் சுமந்துகொண்டிருந்தால்?

எழுதிவைத்த டாக்டர்

இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு, 1949இல், இயன் மெக்ரிகர் என்ற ஸ்காட்லாந்து டாக்டர் காம்பியாவுக்கு வந்தார். மலேரியாவை ஆராய வந்தவர். கெனெபா வட்டாரத்தைத் தேர்ந்தெடுத்து, வீடு வீடாக யார் பிறந்தார், யார் இறந்தார், யார் எவ்வளவு எடை என்று குறித்துவைக்கத் தொடங்கினார். அந்நாட்களில் அங்கே பிறந்த பிள்ளைகளில் ஏறத்தாழப் பாதிப்பேர் ஐந்து வயதைத் தாண்டவில்லை. எண்ணிப் பாருங்கள், ஒரு தாய் நான்கு பிள்ளை பெற்றால் இரண்டை மண்ணுக்குக் கொடுக்க வேண்டும்.

1974இல் கேம்பிரிட்ஜிலிருந்து ரோஜர் வைட்ஹெட் என்பவர் தலைமையிலான சத்துணவு ஆராய்ச்சிக் குழுவினர் வந்து கெனெபாவிலேயே நிரந்தரமாகத் தங்கினார்கள். இலவச மருத்துவ நிலையம் வந்தது. டாக்டரும் தாதியரும் ஊரிலேயே இருந்தார்கள். பிள்ளைச் சாவு மளமளவென்று குறைந்தது. அந்த மருத்துவ நிலையம் பிற்காலத்தில் இலண்டன் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஒரு மருத்துவக் கல்லூரியின் பொறுப்பில் வந்தது. மெக்ரிகர் தொடங்கிய பதிவேடும் விடாமல் வளர்ந்துகொண்டே போனது.

அந்தப் பதிவேட்டைப் புரட்டியவர்களுக்கு ஒரு விஷயம் பளிச்சென்று தெரிந்தது. பிள்ளையின் எடை மாதத்துக்கு மாதம் மாறுகிறது! வயிற்றில் போதிய வளர்ச்சியில்லாமல் சிறுத்துப் பிறக்கும் பிள்ளைகள் ஜூன் மாதத்தில் நூற்றுக்கு 13 பேர் என்றால், நவம்பரில் நூற்றுக்கு 30 பேருக்கும் மேல். நவம்பர் அறுவடை மாதமாயிற்றே, அப்போது ஏன் என்று கேட்பீர்கள். பிள்ளை பிறப்பது நவம்பரில்தான். அது வயிற்றில் வளர்ந்தது ஆகஸ்டு, செப்டம்பர், அக்டோபரில் அல்லவா? பிள்ளை வேகமாக எடை போட வேண்டிய கடைசி மூன்று மாதமும் தாய்க்குப் பசிக்காலமாகப் போய்விட்டது.

குறைமாதப் பிரசவத்துக்கு வேறு கணக்கு. பிப்ரவரியில் நூற்றுக்கு 5 என்று இருப்பது ஜூலையில் 17 ஆக ஏறுகிறது. ஜூலை, வயல் வேலை உச்சத்தில் இருக்கும் மாதம். பிறகு அக்டோபரில் மறுபடி ஏறுகிறது. அது மலேரியா உச்சத்தில் இருக்கும் மாதம். இந்தக் கணக்கையெல்லாம் 1976 முதல் 2003 வரையிலான பதிவுகளிலிருந்து எடுத்திருக்கிறார்கள். பசிக்கு ஒரு தண்டனை, சுமைக்கு ஒரு தண்டனை, காய்ச்சலுக்கு ஒரு தண்டனை என்று தனித்தனியாக எழுதிவைத்ததுபோல் இருக்கிறது.

தாயின் உடம்பும் சும்மா இருப்பதில்லை. விறகு குறைந்தால் நாம் அடுப்பை அடக்கி எரிப்பதில்லையா? அதுபோல, கெனெபாக் கர்ப்பிணிகளின் உடம்பு தனக்காகச் செலவழிக்கும் சக்தியைக் குறைத்துக்கொண்டு, மிச்சம் பிடித்துப் பிள்ளைக்குக் கொடுக்கப் பார்க்கிறது என்பதைக் கருவிகள் கொண்டு அளந்து கண்டார்கள். தான் இளைத்துப் பிள்ளையை வளர்ப்பது தாய்மாரின் குணம் மட்டுமல்ல, அவர்கள் உடம்பின் குணமும்தான்.

கூடுதலாகப் பிறக்கும் மாதம், குறைவாகப் பிறக்கும் மாதம்

கெனெபாவில் சற்று இளைப்பாறும் நேரத்தில் இன்னும் இரண்டு இடங்களை எட்டிப் பார்த்துவிட்டு வருவோம். ஏனென்றால் பருவம் மாற்றுவது பிள்ளையின் எடையை மட்டுமல்ல, எத்தனை பிள்ளைகள் பிறக்கும் என்ற எண்ணிக்கையையும்தான்.

பங்களாதேசத்தில் மத்லப் என்ற நெல் விளையும் வட்டாரம். 1966 முதல் அங்கேயும் பிறப்பு இறப்புக் கணக்கு எடுத்து வருகிறார்கள். ஆண்டின் கடைசி மூன்று மாதங்களில் அங்கே தொட்டில்கள் நிரம்பி வழியும். நடு ஆண்டில் குறைந்துவிடும். ஆண்டுக் கடைசியில் பிறந்தால் கரு தங்கியது ஆண்டுத் தொடக்கத்தில். அதாவது பெரிய நெல் அறுவடை முடிந்து, வயிறு நிறைந்து, வெயிலும் தணிந்திருக்கும் குளிர் மாதங்களில்.

மத்திய ஆப்பிரிக்காவில் கொங்கோ நாட்டின் இதுரிக் காடு இன்னும் தெளிவான பாடம். அங்கே லெசே என்ற மக்கள் காட்டை வெட்டிப் பயிர் செய்கிறவர்கள். அவர்களோடு உறவாடிக்கொண்டே அதே காட்டில் எஃபே என்ற வேட்டை மக்களும் வாழ்கிறார்கள். 1980களில் ஆராய்ச்சியாளர்கள் இரு கூட்டத்தையும் கவனித்தார்கள். லெசே மக்களிடம் பிள்ளைப் பிறப்பு பருவத்தோடு ஏறி இறங்குகிறது. அறுவடைக்கு முந்திய பசி மாதங்களில் பெண்களின் எடை குறைந்து, கரு தங்குவதும் குறைந்துவிடுகிறது. எஃபே மக்களிடம் அந்த ஏற்ற இறக்கம் இல்லை. ஒரே காடு, ஒரே மழை, ஒரே வெயில். களஞ்சியத்தை நம்பியவருக்கு மட்டும் களஞ்சியம் காலியாகும்போது தொட்டிலும் காலியாகிறது!

ஆகவே ஆடியும் சித்திரையும் தாமாக ஒன்றும் செய்வதில்லை. மாதம் என்பது ஒரு பெயர்ப்பலகை. அதற்குப் பின்னால் இருப்பது சோற்றுப் பானையும் தலைச்சுமையும்.

ஒரு பதிவேடு சொன்ன துயரம்

மறுபடியும் கெனெபாவுக்கு வருவோம். 1997இல் ஒரு செய்தி வெளியாகி உலக மருத்துவர்களைத் திடுக்கிட வைத்தது. 1949 முதல் இந்த மூன்று ஊர்களில் பிறந்த மூவாயிரத்துக்கும் மேற்பட்டவர்களின் கணக்கைப் பார்த்தார்கள். பதினைந்து வயது வரையில் எந்த மாதத்தில் பிறந்தவருக்கும் பெரிய வேறுபாடு இல்லை. அதற்குப் பிறகு? ஜூலைக்கும் டிசம்பருக்கும் இடையில் பிறந்தவர்கள், மற்றவர்களைவிட ஏறக்குறைய நான்கு மடங்கு அதிகமாக இளவயதிலேயே இறந்திருக்கிறார்கள். பெரும்பாலும் தொற்று நோய்களால்.

இருபது வயது வாலிபன், நன்றாக ஓடியாடித் திரிந்தவன், ஒரு காய்ச்சலில் போய்விடுகிறான். தாய் தலைவிதி என்று அழுகிறாள். அந்த விதியின் ஒரு பகுதி, அவன் அவள் வயிற்றில் இருந்தபோது அவள் சாப்பிடாமல் சேற்றில் நின்ற மாதங்களில் எழுதப்பட்டதாக இருக்கலாம் என்றது அந்தப் பதிவேடு. நோயை எதிர்க்கும் சக்தி கருவிலேயே அடித்தளம் போடப்படுகிறது, அடித்தளம் பலவீனமானால் வீடு கொஞ்சநாள் நின்று பிறகு ஆடுகிறது என்று கருதினார்கள்.

உண்மையை முழுமையாகச் சொல்லிவிட வேண்டும். பிற்பாடு செனகலிலும் பங்களாதேசத்திலும் இதே கணக்கைப் போட்டுப் பார்த்தபோது இப்படிப்பட்ட வேறுபாடு காணப்படவில்லை. ஆகவே பசிக்காலத்தில் பிறந்த எல்லாருக்கும் ஆயுள் குறைவு என்று யாரும் முடிவு கட்டிவிடக் கூடாது. எடை குறைந்து பிறப்பது மட்டும் ஐயத்துக்கு இடமில்லாத உண்மை.

இன்னொரு புதுமையும் உண்டு. 2014இல் வெளிவந்த ஆராய்ச்சி, கரு தங்கும் நாட்களில் தாய் என்ன சாப்பிட்டாள் என்பது பிள்ளையின் மரபணுக்களின் மேல் சின்னச் சின்ன அடையாளக் குறிகளாகப் பதிகிறது என்று காட்டியது. எந்த மரபணு வேலை செய்ய வேண்டும், எது அடங்கியிருக்க வேண்டும் என்பதில் இந்தக் குறிகளுக்குப் பங்கு உண்டு. மழைக்காலத்தில் கரு தங்கிய பிள்ளைகளுக்கு ஒரு வகை, வெயில் காலத்தில் தங்கிய பிள்ளைகளுக்கு இன்னொரு வகை. பிள்ளை உண்டான செய்தி தாய்க்கே தெரியாத நாட்களில் நடக்கும் வேலை இது! பிள்ளைக்குத் திட்டமிடும்போதே கீரையும் ஃபோலிக் ஆசிட் மாத்திரையும் சாப்பிடத் தொடங்க வேண்டும் என்று டாக்டர்கள் சொல்கிறார்கள்.

இரண்டு பிஸ்கட்

துயரத்தோடு உங்களைத் திருப்பி அனுப்ப நான் விரும்பவில்லை. கெனெபா பதிவேட்டில் மகிழ்ச்சியான பக்கமும் இருக்கிறது.

1989 முதல் 1994 வரையில், சானா சீசே என்ற ஆராய்ச்சியாளரும் அவருடைய தோழர்களும் மேற்குக் கியாங் வட்டாரத்தின் 28 ஊர்களில் ஒரு சோதனை செய்தார்கள். வறுத்த வேர்க்கடலை, அரிசி மாவு, சர்க்கரை, கடலை எண்ணெய். இவற்றைச் சேர்த்துப் பிஸ்கட் செய்தார்கள். எல்லாம் அந்த மக்களின் சமையலறையில் புழங்கும் பொருட்கள்தாம். ஒரு பகுதி ஊர்களில் கர்ப்பிணிகளுக்குப் பிரசவத்துக்கு முந்திய இருபது வாரங்களுக்கு நாள்தோறும் இந்தப் பிஸ்கட். மற்ற ஊர்களில் பிரசவத்துக்குப் பிறகு கொடுத்தார்கள். யாரையும் வெறுங்கையோடு அனுப்பவில்லை.

என்ன நடந்தது? பசிக்காலத்தில் பிறந்த பிள்ளைகளின் எடை சராசரியாக 201 கிராம் கூடியது. அறுவடைக் காலத்தில் 94 கிராம் கூடியது. பசி அதிகமான காலத்தில் பலனும் அதிகம் என்பதைக் கவனியுங்கள். இறந்து பிறக்கும் பிள்ளைகளும், பிறந்த முதல் வாரத்தில் இறக்கும் பிள்ளைகளும் ஏறக்குறையப் பாதியாகக் குறைந்தார்கள். ஊசியில்லை, அறுவைச் சிகிச்சையில்லை, புது மருந்தில்லை. கடலை பிஸ்கட்!

இதற்கு முன்னரே கெனெபாவில் பால் கொடுக்கும் தாய்மாருக்குக் கூடுதல் உணவு கொடுத்துப் பார்த்திருந்தார்கள். பால் அளவு கூடவில்லை. பால் கொடுக்கும் தாய் சாப்பிட வேண்டாம் என்று இதற்குப் பொருளல்ல. அவள் உடம்பு தேற வேண்டாமா? ஆனால் பிள்ளை பிறக்கும்போது என்ன எடை என்பதை மாற்ற வேண்டுமானால், பிள்ளை வயிற்றில் இருக்கும்போதே தாயைக் கவனிக்க வேண்டும். பத்தியம் பார்த்துப் பிள்ளை பெற்றபின் கவனிக்கும் நாம், அதற்கு முந்திய மாதங்களில் எப்படி இருக்கிறோம் என்று நம்மை நாமே கேட்டுக்கொள்ள வேண்டிய இடம் இது.

நம் வீட்டுக் கணக்கு

ஏழாம் மாதத்தில் வளைகாப்பு நடத்தி, எலுமிச்சைச் சோறு, புளிச்சோறு, தயிர்ச்சோறு என்று வகைவகையாக ஆக்கி, கர்ப்பிணியை நடுவில் உட்கார வைத்து ஊட்டும் வழக்கம் நமக்கு உண்டு. அருமையான வழக்கம். கர்ப்பிணிக்குச் சோறு போடுவது ஊர்க் காரியம் என்று நம் முன்னோர் எண்ணியிருக்கிறார்கள். ஆனால் வளைகாப்புச் சோறு ஒரு நாள். கெனெபாவின் பிஸ்கட் நூற்று நாற்பது நாள். படம் பிடிக்க மண்டபம் எடுத்து ஆயிரக்கணக்கான வெள்ளியைச் செலவு செய்கிறவர்கள், அதில் ஒரு சிறு பகுதியை நாள்தோறும் ஒரு முட்டைக்கும் ஒரு பிடி வேர்க்கடலைக்கும் ஒரு கட்டுக் கீரைக்கும் ஒதுக்கினால் பிள்ளைக்கு எவ்வளவு நல்லது!

தோட்டப்புறத்தில் பல ஆண்டுகள் நாம் கண்ட காட்சி வேறு. நிறைமாதத்திலும் பெரட்டுக்குப் போய், இருட்டில் மரம் ஏறி இறங்கும் மேட்டில் நடந்து, பால் வாளியைக் காண்டாவில் சுமந்த தாய்மார்கள் எத்தனைப் பேர்! வீட்டுக்கு வந்து எல்லாருக்கும் போட்டுவிட்டு, மீந்ததைத் தின்று படுத்தவர்கள் அவர்கள். அவர்களுடைய பிள்ளை சிறுத்துப் பிறந்தபோது, "மாதம் சரியில்லை" என்று சொன்னவர்கள் நாம்.

இன்று பால்மரக் காடுகள் பெரும்பாலும் செம்பனையாக மாறிவிட்டன. பலர் பட்டணத்துக்கும் தொழிற்சாலைக்கும் போய்விட்டோம். இலை உதிர் காலம் சம்பளத்தைக் குறைத்த நாட்கள் பலருக்குக் கதையாகிவிட்டன. ஆனால் பசிக்காலம் வேறு வேடத்தில் வரலாம். கணவனுக்கு வேலை போன மாதம், கடன் கட்டும் மாதம், பள்ளி திறக்கும் மாதம் எல்லாம் வீட்டுக்கு வீடு பசிக்காலம்தான். அப்போது கையைக் கடிக்கும் செலவை எங்கே குறைப்பது என்று பார்த்தால், பெண்களின் கை முதலில் தங்கள் தட்டுக்குத்தான் போகும். அந்தத் தட்டில் இரண்டு பேர் சாப்பிடுகிறார்கள் என்பதை வீட்டார் மறக்கக் கூடாது.

அரசாங்கக் கிளினிக்கில் கர்ப்பிணிகளுக்குப் பதிவுப் புத்தகம் போட்டு, ஒவ்வொரு முறையும் எடையும் இரத்தமும் பார்த்து எழுதித் தருகிறார்கள். கெனெபாவில் ஒரு டாக்டர் எழுதிவைத்ததால்தான் இவ்வளவும் தெரிந்தது. உங்கள் புத்தகமும் அப்படித்தான். எடை ஏறவில்லை என்று மிஸ்ஸி சொன்னால், "எங்கள் குடும்பத்தில் எல்லாரும் ஒல்லிதான்" என்று சிரித்து மழுப்பாதீர்கள். பிள்ளை இரண்டரைக் கிலோவுக்குக் குறையாமல் பிறக்க வேண்டும் என்பதற்காகத்தான் அந்தக் கேள்வி. இரும்புச் சத்து மாத்திரையைக் கறுப்பாகப் போகிறது என்று அலமாரியில் அடுக்கி வைக்காதீர்கள். வேலைக்குப் போகும் பெண்களுக்கு 2023ஆம் ஆண்டிலிருந்து பிரசவ விடுப்பு 98 நாள் என்று மேற்கு மலேசியாவில் சட்டம் இருக்கிறது, கேட்டு வாங்குங்கள். கணவன்மார்களே, கடைசி மூன்று மாதமாவது தண்ணீர்க் குடத்தையும் சமையல் எரிவாயுக் கலத்தையும் நீங்கள் தூக்குங்கள்.

ஆடி மாதத்தில் பெண்ணை அழைத்துப் போக விரும்பும் தாய்மார்கள் தாராளமாக அழைத்துப் போகட்டும். தாய் வீட்டில் ஒரு மாதம் ஓய்வெடுத்து நன்றாகச் சாப்பிட்டு வருவது எந்தப் பெண்ணுக்கும் நல்லதுதான். ஆனால் எந்த மாதத்தில் பிள்ளை பிறந்தாலும் அந்தப் பிள்ளையின் மேல் மாதத்தின் பழியைச் சுமத்தாதீர்கள். "என்ன மாதம்?" என்று கேட்கும் வாய், அதற்கு ஐந்து மாதம் முன்னதாகவே அந்தத் தாயிடம், "சாப்பிட்டாயா அம்மா?" என்று கேட்டிருந்தால் அதுதான் புண்ணியம்.